டாம்கேட் 9-லிருந்து 10.1-க்கு: தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் மாறும் வழி

தக்கலையில் இருந்துகொண்டு குலசேகரம், மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரத்துச் சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ரப்பர் பால் கொள்முதல், சீட்டுக் கணக்கு, ஐஸ் பிளாண்ட் பில், மீன் ஏலக் கணக்கு என்று வேலை வேறு வேறு. அடியில் ஓடுவது எல்லாவற்றுக்கும் அப்பாச்சி டாம்கேட்தான், ஜாவாவில் எழுதிய இணைய நிரல்களை ஓட்டும் சர்வர் மென்பொருள். பெரும்பாலான நிரல்கள் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதியவை. எழுதிய பிள்ளைகள் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். சில இடங்களில் சோர்ஸ் கோடு இருக்கிறது. சில இடங்களில் வார் ஃபைல் (நிரலை ஓட்டத் தயாராகக் கட்டிவைத்த தொகுப்பு) மட்டும்தான் மிச்சம். இந்த நிலையில் "டாம்கேட்டைப் புதுசாக்கித் தாங்க" என்று முதலாளி கேட்கும்போது எங்கே கைவைப்பது என்று திகைத்து நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

புதிய பதிப்பின் வசதிப் பட்டியல் நீளமானது. நம் ஊர் வேலைக்கு அதில் நாலைந்துதான் பொருட்டு. அந்த நாலைந்தில் ஒன்று, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் உங்கள் டேட்டாபேஸில் உள்ள தமிழ்ப் பெயர்களை அழித்துவிடக்கூடியது. அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் மற்றதை விட்டாலும், எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறை பற்றிய பகுதியை விடாமல் படியுங்கள்.

எந்தப் பதிப்புக்குப் போவது

டாம்கேட் 8.5-க்கான ஆதரவு 2024 மார்ச் 31-உடன் முடிந்தது. 10.0-க்கு 2022 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதை யாராவது இறக்கி வைத்திருந்தால் தொடவே வேண்டாம். 9-லிருந்து மாறிப் போக மிச்சம் இருப்பவை 10.1-உம் 11-உம். 10.1-க்கு ஜாவா 11 இருந்தால் போதும். 11-க்கு ஜாவா 17 வேண்டும்.

நான் 10.1-ஐயே தேர்ந்தெடுக்கிறேன், ஆனால் ஜாவா 21-உடன். குறைந்தபட்சம் 11 போதும் என்பதற்காக ஜாவா 11-இல் நிறுத்தாதீர்கள். காரணம் இரண்டு, இரண்டும் கீழே வரும். டாம்கேட் 11 நல்ல பதிப்புதான். ஆனால் அது படிவங்களில் வரும் தவறுகளைக் கொஞ்சமும் பொறுக்காது. பழைய நிரலை ஒரே தாண்டலில் அங்கே கொண்டுபோனால், எந்தக் கோளாறு எந்த மாற்றத்தால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

ஜாவாஎக்ஸ், ஜகார்த்தா ஆன கதை

ஆரக்கிள் நிறுவனம் ஜாவா ஈஈ-யை, அதாவது இணைய நிரல்களுக்கான ஜாவாவின் பொது வரையறைத் தொகுப்பை, 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. ஆனால் ஜாவா என்ற வணிகப் பெயர் ஆரக்கிளிடமே இருந்தது. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களுக்குள் புதிதாக எதையும் சேர்த்து வளர்க்க உடன்பாடு கிடைக்கவில்லை. ஆகவே 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் எல்லாப் பெயரும் ஜகார்த்தா என்று மாறியது. டாம்கேட் 10 முதல் இந்தப் புதிய பெயர்தான். டாம்கேட் 9-இல் ஓடிய வார் ஃபைலை எடுத்து அப்படியே 10.1-இன் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால், கிளாஸ் கிடைக்கவில்லை என்று லாக்கில் பக்கம் பக்கமாக எழுதும்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. எளுப்பமானது முதல் வழி. வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே வெப்ஆப்ஸ், ஒரு சிறு கோடு, ஜாவாஈஈ என்று சேர்த்து எழுதிய பெயரில் இன்னொரு ஃபோல்டரை உருவாக்குங்கள். பழைய வார் ஃபைலை அதில் போடுங்கள். டாம்கேட் அதைத் தானே பெயர் மாற்றி, மாற்றிய நகலை வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். சோர்ஸ் இல்லாத நிரல்களுக்கு இது பெரிய உதவி. ஜேஎஸ்பி பக்கங்களுக்குள் (ஜாவா கலந்து எழுதிய இணையப் பக்கங்கள்) எழுதியிருக்கும் பெயர்களையும் மாற்றிவிடும்.

சோதனைக்கு அது கொள்ளாம். நாள்தோறும் ஓடும் சர்வரில் நான் இரண்டாவது வழியையே பயன்படுத்துகிறேன். டாம்கேட் குழுவே ஜகார்த்தா ஈஈ இடம்பெயர்ப்புக் கருவி என்று ஒரு ஜார் ஃபைல் கொடுக்கிறது. கட்டளை வரியில் அதன் பின்னால் பழைய வார், புதிய வார் என்று இரண்டு பெயரைக் கொடுத்தால் போதும். மாற்றம் உங்கள் கண்முன் நடக்கும். மாற்றிய வார் ஃபைல் தனியாகக் கையில் இருக்கும். அதற்குத் தேதி போட்டுப் பாதுகாத்து வைக்கலாம். சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் என்ன மாற்றியதோ என்று யோசிக்க வேண்டியதில்லை.

சோர்ஸ் கையில் இருப்பவர்கள் ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் போட்டு எல்லா ஜாவாஎக்ஸையும் ஜகார்த்தா ஆக்கிவிடாதீர்கள். செர்வ்லெட், ஜேஎஸ்பி, ஈஎல், வெப்சாக்கெட், மெயில், பெர்சிஸ்டென்ஸ் ஆகியவை மாறும். ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல், நேமிங், கிரிப்டோ, நெட் எஸ்எஸ்எல் ஆகியவை ஜாவாவின் சொந்தப் பகுதிகள், அவை மாறாது. டேட்டாசோர்ஸ் வரியை மாற்றிவிட்டு டேட்டாபேஸ் இணைப்பு ஏன் வரவில்லை என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஸ்ப்ரிங் என்ற ஜாவா கட்டமைப்பை வைத்து எழுதியிருந்தால் 5-லிருந்து 6-க்குப் போக வேண்டும். 2022 நவம்பரில் வந்த ஸ்ப்ரிங் 6-தான் ஜகார்த்தா பெயருக்கு மாறியது; அதற்கு ஜாவா 17-ஆவது வேண்டும். ஜாவா 11-இல் நிற்க வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு பக்கக் காரணம்.

இன்னொன்றும் உண்டு. 10.1 பின்பற்றுவது, இணையக் கோரிக்கைகளை ஜாவா நிரல் கையாளும் முறையைச் சொல்லும் செர்வ்லெட் வரையறையின் 6.0 பதிப்பை. ரொம்ப காலமாக "இனி பயன்படுத்த வேண்டாம்" என்று குறித்து வைத்திருந்த பழைய மெத்தட்களை அதில் அடியோடு எடுத்துவிட்டார்கள். செஷனில் மதிப்பு வைக்கும் புட்வேல்யூ, கெட்வேல்யூ, சிறிய எழுத்தில் முடியும் பழைய என்கோட்யூஆர்எல், இரண்டு மதிப்பு வாங்கும் செட்ஸ்டேட்டஸ், ரிக்வெஸ்டின் கெட்ரியல்பாத் எல்லாம் போய்விட்டன. இடம்பெயர்ப்புக் கருவி பெயரை மட்டுமே மாற்றும், இவற்றைச் சரிசெய்யாது. சர்வர் நல்லபடியாக எழுந்து நிற்கும், லாகின் பக்கம் வரும், ஆனால் அந்த மெத்தட்டை அழைக்கும் பக்கத்தைத் திறக்கும்போதுதான் உடையும். அது வருஷக் கடைசியில் மட்டும் திறக்கும் போனஸ் பட்டியலாகவும் இருக்கலாம். எனவே மெனுவில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும், மாதாந்திர, வருடாந்திர அறிக்கைகளையும் விடாமல் திறந்து பாருங்கள். இந்த வேலையை நான் அந்த அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் செய்வேன். எந்தப் பட்டன் எந்த மாசம் தேவைப்படும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

யூடிஎஃப்-8: வரமும் ஆபத்தும்

இணையப் படிவத்தில் "ஞானசெல்வம்" என்று தட்டச்சு செய்து சேமித்தால், தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாக டேட்டாபேஸில் போய் உட்காரும் கோளாறு நம்மில் எல்லாருக்கும் பழக்கம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். படிவம் அந்த மூன்று பைட்டைச் சரியாகத்தான் அனுப்புகிறது. ஆனால் போஸ்ட் முறையில் வந்த படிவத்தை எந்த எழுத்துமுறையில் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால், டாம்கேட் 9 அதை ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. ஒரு தமிழ் எழுத்து மூன்று லத்தீன் எழுத்தாகிவிடுகிறது.

டாம்கேட் 10 முதல் கான்ஃப் ஃபோல்டரில் உள்ள வெப்.எக்ஸ்எம்எல்-இல் இரண்டு வரி புதிதாக இருக்கிறது. உள்ளே வரும் படிவத்துக்கும் வெளியே போகும் பதிலுக்கும் இயல்பான எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று அவை சொல்கின்றன. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பதிப்பில் கிடைத்த ஆகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். புதிதாக எழுதும் நிரலில் ஃபில்டர் எதுவும் போடாமலே தமிழ்ப் பெயர் சரியாக வந்து சேரும்.

பழைய நிரலில்தான் ஆபத்து. அந்தக் காலத்தில் எழுதிய பிள்ளைகள் இந்தக் கோளாற்றை இரண்டு விதமாகச் சரிசெய்திருப்பார்கள். சிலர் ஒரு ஃபில்டர் போட்டு, படிவத்தைப் படிக்கும் முன்னாலேயே யூடிஎஃப்-8 என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய நிரலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. சிலரோ, சிதைந்து வந்த சரத்தை (எழுத்துத் தொடரை) ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாகத் திருப்பி, அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று மறுபடி படித்திருப்பார்கள். ஒரே வரிதான். டாம்கேட் 9-இல் அந்த வரி அற்புதமாக வேலை செய்தது. ஏனென்றால் அது எதிர்பார்த்தது சிதைந்த சரத்தை.

டாம்கேட் 10.1-இல் அதே வரிக்கு வந்து சேர்வது சிதையாத, சரியான தமிழ். அதை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாக மாற்றச் சொன்னால், அந்த முறையில் தமிழ் எழுத்தே கிடையாது என்பதால், ஜாவா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். பிழைச் செய்தி வராது. லாக்கில் எதுவும் இருக்காது. உறுப்பினர் விவரத்தில் போன் நம்பரை மட்டும் மாற்றி யாராவது சேமித்தால், அந்தப் படிவத்தில் இருந்த பெயரும் வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் கேள்விக்குறிகளாகி உள்ளே போகும். லத்தீன் எழுத்தாகச் சிதைந்ததைப் பின்னால் மீட்டெடுக்கலாம், பைட்டுகள் உள்ளே இருக்கின்றன. கேள்விக்குறியானதை மீட்க பேக்கப் தவிர வேறு வழி கிடையாது.

ஆகவே டாம்கேட்டை இறக்குவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். சோர்ஸ் ஃபோல்டர் முழுவதும் கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டு 8859 என்ற எண்ணைத் தேடுங்கள். சோர்ஸ் இல்லையென்றால் வார் ஃபைலைப் பிரித்து, ஜேஎஸ்பி, கிளாஸ் ஃபைல் எல்லாவற்றிலும் தேடுங்கள். கிளாஸ் ஃபைலுக்குள்ளும் இப்படிப்பட்ட சரங்கள் படிக்கும் வடிவிலேயே இருக்கும், கிரெப் கண்டுபிடித்துவிடும். நூலக ஜார்களில் வருபவற்றை விட்டுவிடலாம். நிரல் எழுதியவர்களின் சொந்த கிளாஸில் வந்தால்தான் கவலை.

எங்கும் இல்லையென்றால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம். சோர்ஸில் இருந்தால் அந்த மாற்றும் வரியை எடுத்துவிட்டு, வந்த சரத்தை அப்படியே பயன்படுத்துங்கள். எல்லா இடத்திலும் எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் விட்டாலும் அந்தப் பக்கம் வழியாக அழிவு நடக்கும். சோர்ஸ் இல்லாத கிளாஸ் ஃபைலில் இருந்தால், டாம்கேட்டின் வெப்.எக்ஸ்எம்எல்-இல் உள்ள ரிக்வெஸ்ட் எழுத்துமுறை வரியை நீக்கிவிடுங்கள். போஸ்ட் படிவங்கள் பழையபடியே ஐஎஸ்ஓ-8859-1 ஆக வரும், பழைய வரியும் பழையபடியே வேலை செய்யும். ஆனால் அந்த டாம்கேட்டில் வேறு நிரல்கள் ஓடினால் அவற்றுக்கும் இது பொருந்திவிடும். அப்படிப்பட்ட நிரலுக்குத் தனி டாம்கேட் வைப்பதே பாதுகாப்பு.

கெட் முறையில், அதாவது முகவரிப் பட்டை வழியாக வரும் தேடல் சொற்களுக்கு டாம்கேட் 8 காலத்திலிருந்தே யூடிஎஃப்-8தான். அதில் இப்போது மாற்றம் இல்லை.

ஜேஎஸ்பி பக்கத்துக்குள்ளேயே தமிழில் எழுதிய தலைப்புகளுக்கும் இந்தப் புதிய இரண்டு வரிகளுக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு ஜேஎஸ்பி-யின் தலையிலும் பேஜ்என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், அல்லது நிரலின் வெப்.எக்ஸ்எம்எல்-இல் ஜேஎஸ்பி குழு அமைப்பில் ஒரே இடத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ரசீதில் "பெறப்பட்ட தொகை" என்ற வரியே சிதையும்.

இனி ஜாவா 21-க்கான முதல் காரணம். நிரல் ஒரு சிஎஸ்வி ஃபைலையோ எஸ்எம்எஸ் வரியையோ எழுத்துமுறை சொல்லாமல் எழுதினால், ஜாவா 17 வரை அது இயங்குதளத்தின் அமைப்பைப் பார்த்து முடிவுசெய்யும். சர்வீஸாக எழும் லினக்ஸ் சர்வரில் மொழி அமைப்பு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். நீங்கள் டெர்மினலில் ஓட்டிப் பார்க்கும்போது சரியாக வரும் தமிழ், ரீபூட் ஆனபின் கேள்விக்குறியாவது இதனால்தான். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் எங்கே ஓடினாலும் இயல்பு யூடிஎஃப்-8. நம் ஊரில் மழைக்காலத்தில் மின்வெட்டும் ரீபூட்டும் சாதாரணம். இந்த ஒரு மாற்றத்துக்காகவே ஜாவா 21 போடலாம். ஜாவா 17-ஐத்தான் வைக்க முடியும் என்றால் பின் ஃபோல்டரில் செட்என்வி ஃபைலில் ஃபைல் என்கோடிங் யூடிஎஃப்-8 என்ற அமைப்பைச் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே டேட்டாபேஸில் என்ன நிலை என்றும் பார்த்துவிடுவது நல்லது. மைஎஸ்க்யூஎல்-இல் பெயர்ப் பத்தி யூடிஎஃப்-8 வகையாக இருந்தால் ஒரு சுலபமான கணக்கு உண்டு. லெங்த் என்ற ஃபங்ஷன் பைட்டை எண்ணும். கேரக்டர் லெங்த் எழுத்துகளை எண்ணும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். சரியான தமிழ்ப் பெயருக்கு ஏறக்குறைய 3 வரும். முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளியும் இடைவெளியும் கொஞ்சம் குறைக்கும். லத்தீன் எழுத்தாகச் சிதைந்த பெயருக்கு ஏறக்குறைய 2. கேள்விக்குறிகளுக்கும் ஆங்கிலத்தில் எழுதிய பெயருக்கும் 1. இந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் எந்தப் பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்று முழுப் பட்டியலும் கண்முன் வந்துவிடும். மாற்றத்துக்கு முன் ஒருமுறை எடுத்து வையுங்கள். மாற்றிய மறுநாளும் எடுத்து, 3-இல் இருந்தது எதுவும் 1-க்கு இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

சோதனைக்கு வெறும் "அம்மா" என்று அடித்துப் பார்ப்பது போதாது. ஞானசௌந்தரி, ஸ்ரீகண்டன், ஷாகுல் ஹமீது, ஜெசிந்தா, குழித்துறை, திருவட்டாறு என்று அடித்துப் பாருங்கள். கேரள எல்லை என்பதால் களியக்காவிளை, விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் பெயர் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அதையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ப்பது, இருப்பதைத் திருத்துவது, தேடுவது, அச்சடிப்பது, ஏற்றுமதி செய்வது என்று ஐந்து வழியிலும் அதே பெயர்கள் பிழையின்றி வர வேண்டும்.

ஆயிரத்துக்கு மேல் கட்டம் உள்ள படிவங்கள்

ரப்பர் பால் கொள்முதல் நிலையத்தில் காலைப் பதிவை ஒரே நீளப் பக்கத்தில் செய்வது வழக்கம். ஓர் உறுப்பினருக்கு ஒரு வரி: எண், லிட்டர், டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் விகிதம்), முன்பணம். 300 பேர் என்றால் 1,200 கட்டங்கள். பழைய டாம்கேட் 9-இல் ஒரு படிவத்துக்கு 10,000 மதிப்புகள் வரை இயல்பாக அனுமதி. 10.1-இல் அது 1,000. அதற்கு மேல் வருபவற்றை 10.1 ஏற்காமல் விட்டுவிடும். லாக்கில் ஒரு வரி எழுதும். திரையில் எதுவும் தெரியாது. முதல் 250 பேரின் பால் பதிவாகி, கடைசி 50 பேரின் பால் காணாமல் போகும். விடியுமுன் எழுந்து பால் வெட்டியவரின் அன்றைய கூலி அது.

சர்வர்.எக்ஸ்எம்எல்-இல் கனெக்டர் வரியில் மேக்ஸ்பாராமீட்டர்கவுண்ட் என்ற அமைப்பை உங்கள் மிகப் பெரிய படிவத்துக்குத் தக்கபடி உயர்த்துங்கள். மேலே சொன்ன படிவத்துக்கு 3,000 தாராளம். வரம்பையே எடுத்துவிடாதீர்கள். ஒரே கோரிக்கையில் லட்சக்கணக்கான மதிப்புகளை அனுப்பி சர்வரை முடக்கும் தாக்குதலைத் தடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். டாம்கேட் 11-இல் இதே நிலையில் மதிப்பைப் படிக்கும்போதே பிழை எழுந்து கோரிக்கை நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிவதால் ஒரு விதத்தில் அதுதான் நேர்மையானது.

வர்ச்சுவல் த்ரெட்: இரண்டாம் கட்டத்தில்

ஜாவா 21-க்கான இரண்டாவது காரணம் இது. இயல்பாக டாம்கேட் ஒரே நேரத்தில் 200 த்ரெட்களில் (இணையாக ஓடும் வேலை இழைகளில்) வேலை செய்யும். பேச்சிப்பாறை, கடையல் பக்கத்து நிலையங்களிலிருந்து காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவேற்றும்போது, ஒவ்வொரு கோரிக்கையும் டேட்டாபேஸுக்கும் எஸ்எம்எஸ் சேவைக்கும் காத்துக்கொண்டு ஒரு த்ரெட்டைப் பிடித்து வைத்திருக்கும். கனெக்டர் வரியில் யூஸ்வர்ச்சுவல்த்ரெட்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எடை குறைந்த ஒரு த்ரெட் கிடைக்கும். காத்திருப்பது கிட்டத்தட்ட இலவசமாகும்.

ஆனால் த்ரெட் வரம்பு போனதும் கூட்டம் முழுக்க டேட்டாபேஸ் வாசலில் வந்து நிற்கும். டாம்கேட்டின் டிபிசிபி2 இணைப்புத் தொகுப்பில் எதுவும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 8 இணைப்புதான். மைஎஸ்க்யூஎல் இயல்பாக ஏற்பது 151. இந்த இரண்டு எண்ணையும் பார்த்து, தொகுப்பை 30, 40 என்று வைத்து, காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு வரம்பு போட்டுவிட்டு அதன்பிறகு வர்ச்சுவல் த்ரெட்டைத் திறங்கள். பழைய நிரலில் சிங்க்ரொனைஸ்டு பிளாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும் பகுதி) நிறைய இருந்தால் பலன் குறையும். அதற்குள் காத்திருக்கும் வர்ச்சுவல் த்ரெட், அடியில் உள்ள உண்மையான த்ரெட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறை ஜாவா 24-இல்தான் தீர்ந்தது. எப்படியானாலும் மாற்றும் அன்றே இதைத் திறக்க வேண்டாம். ஒரு மாதக் கணக்கு முடிந்தபின் திறந்தால் போதும்.

சுருக்கமாக மற்றவை

ஏபிஆர் கனெக்டர் 10.1-இல் இல்லை. பழைய சர்வர்.எக்ஸ்எம்எல்-ஐ அப்படியே நகலெடுத்தால் சர்வர் அங்கேயே தடுக்கும். என்ஐஓ கனெக்டருக்கு மாற்றுங்கள், ஓப்பன்எஸ்எஸ்எல் அதிலும் வேலை செய்யும். முன்னால் அப்பாச்சி வெப் சர்வர் வைத்து ஏஜேபி என்ற நெறிமுறை வழியாக இணைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2020-இல் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளிவந்தபின், ஏஜேபி இயல்பாக மூடப்பட்டிருக்கிறது. திறந்தால் அதே கணினிக்குள் மட்டுமே கேட்கும், ரகசியச் சொல்லும் வேண்டும். செஷன்கள் ரீஸ்டார்ட்டுக்குப் பின் நினைவில் இருக்காது. அதுவும் இப்போது இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. பில் போட்டுக்கொண்டிருப்பவர் பாதியில் வெளியே தள்ளப்படுவார், ஆகவே பகலில் ரீஸ்டார்ட் கூடாது.

எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

நம் மாவட்டத்தில் தொழிலே நாளைக் குறித்துத் தருகிறது. ரப்பர்க்காரர்களுக்குப் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் வெட்டு ஓயும் காலம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து விசைப்படகுக் கணக்குகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த நாட்களில் பதிவு குறைவு, திருத்த நேரம் கிடைக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் இந்த வேலையை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபின் எத்தனை கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அரைகுறையாக மாற்றிய சர்வர் அப்படிப்பட்ட நேரத்தில் கையில் இருக்கக் கூடாது. சீட்டுக் கம்பெனி என்றால் ஏல நாளையும் அதற்கு முந்தின நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

பழைய டாம்கேட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் போடாதீர்கள். கேட்டலினா ஹோம், கேட்டலினா பேஸ் என்ற இரண்டையும் பிரித்து வையுங்கள். ஹோம் என்பது டாம்கேட் நிரல் மட்டும். பேஸ் என்பது உங்கள் கான்ஃப், லாக், வெப்ஆப்ஸ். புதியதற்குத் தனி பேஸ் உருவாக்கி, போர்ட்டை 8080-க்குப் பதில் 8081 என்றும், நிறுத்தும் போர்ட்டை 8005-க்குப் பதில் 8006 என்றும் வைத்தால் இரண்டும் ஒரே கணினியில் அருகருகே ஓடும். பழைய கான்ஃப் ஃபைல்களை நகலெடுக்காமல், புதியதோடு வந்த ஃபைலில் உங்கள் மாற்றங்களைக் கையால் எழுதுங்கள். அப்படிச் செய்தால்தான் மேலே சொன்ன யூடிஎஃப்-8 வரிகள் உங்களுக்குக் கிடைக்கும்.

புதியதை டேட்டாபேஸின் நகலோடு மட்டும் இணையுங்கள், உண்மையான டேட்டாபேஸோடு அல்ல. பேக்கப் எடுக்கும்போது எழுத்துமுறை யூடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு எடுங்கள். எடுத்த ஃபைலை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, நாலு தமிழ்ப் பெயரைத் திரையில் பார்த்தபிறகுதான் அதை பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்வேன். ஒரு வாரம் கணக்கு எழுதுபவர்கள் பழையதில் பதிவு செய்ததில் கொஞ்சத்தைப் புதியதிலும் செய்து பார்க்கட்டும். பெயர்க் கணக்கு 3-இலேயே நிற்கிறது, நீளப் படிவத்தின் கடைசி வரியும் பதிவாகிறது, எல்லா அறிக்கையும் திறக்கிறது என்றானபின் நாள் குறியுங்கள்.

மாற்றும் அன்று இரவு கடை அடைத்தபின் பழையதை நிறுத்தி, மறுபடி ஒரு பேக்கப் எடுத்து, புதியதை உண்மையான டேட்டாபேஸோடு இணைத்து, போர்ட்டை 8080-க்கு மாற்றி எழுப்புங்கள். யுபிஎஸ் முழுச் சார்ஜில் இருக்கட்டும். மறுநாள் வெள்ளனெ, முதல் நிலையம் பதிவு தொடங்கும் முன்னால் நீங்கள் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். முதல் பத்துப் பதிவுகளின் பெயரை டேட்டாபேஸிலேயே நேரில் பாருங்கள். ஒரே ஒரு கேள்விக்குறி தென்பட்டாலும் உடனே புதியதை நிறுத்திப் பழையதை எழுப்புங்கள். காரணத்தை அதற்குப் பிறகு தேடலாம். பத்துப் பதிவைத் திரும்ப அடிப்பது பெரிய வேலையில்லை, பத்தாயிரம் பெயரைத் திரும்பக் கேட்டு வாங்குவது நடக்காத காரியம்.

பழைய பேஸை ஒரு மாதக் கணக்கு முடியும்வரை நிறுத்திய நிலையில் அப்படியே வைத்திருங்கள். அதன்பிறகு வர்ச்சுவல் த்ரெட்டைத் திறக்கலாம். டாம்கேட் 11-க்குப் போகும் நாள் வரும்போது ஜகார்த்தா பெயரும் ஜாவா பதிப்பும் ஏற்கெனவே சரியாக இருக்கும். அங்கே புதிதாகப் பார்க்க வேண்டியவை படிவப் பிழைகளுக்கான கண்டிப்பு, செக்யூரிட்டி மேனேஜர் நீக்கம், 32-பிட் விண்டோஸ் ஆதரவு நின்றது ஆகிய மூன்றும். மார்த்தாண்டம் பக்கம் இன்னும் சில கடைகளில் பழைய 32-பிட் விண்டோஸ் கணினியையே சர்வராக வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் புதுக் கணினி வாங்கும் பேச்சை இந்த வருஷமே தொடங்கிவிடுங்கள்.